குழுவில் 43 பேர், வேலையில் மூன்று பேர்

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"வங்கி ஒன்றில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகப் பக்கங்களைப் படமெடுத்துக் கொடுத்தால் எழுத்தாக மாற்றி, பிழை திருத்தவும் உதவும், நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூலக் கருவி ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மார்ச் மாதம் நூலக நிகழ்ச்சி ஒன்றில் இதைப் பற்றிப் பேசினேன். அன்றே 43 பேர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார்கள். இப்போது வேலை செய்வது மூன்று பேர்தான்: நான், என்னோடு படித்த நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் நல்ல திருத்தம் ஒன்று அனுப்பினார். வேலைப்பளுவில் ஆறு வாரமாக நான் அதைத் திறக்கவே இல்லை. பிறகு நண்பர் பார்த்துவிட்டு, 'இதைக்கூடச் சோதிக்காமலா அனுப்புவது' என்று குழுவிலேயே எழுதிவிட்டார். அந்தத் தம்பி குழுவை விட்டுப் போய்விட்டார். இன்னும் நிறையப் பேரை எப்படிச் சேர்ப்பது? வேலை செய்யாதவர்களை நீக்கிவிடலாமா? சிறு தொகை கொடுத்தால் நிலைப்பார்களா? ஆளே கிடைக்காவிட்டால் நான் எத்தனை நாள் இப்படியே இழுத்துக்கொண்டு போவது?"

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியில் இருக்கும் களைப்பு எனக்குப் புரிகிறது. பகலில் பொறியாளர் குழு ஒன்றை நடத்துவதும், மாலையில் திறமூலத் திட்டங்களில் புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டுவதும்தான் பல வருடங்களாக என் வேலை. அதை வைத்து நேரடியாகவே சொல்கிறேன்: அடுத்த மூன்று மாதத்துக்குப் புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள்.

43 பேரில் மூன்று பேர் என்பது உங்கள் தோல்வி இல்லை. நிகழ்ச்சி முடிந்த சூட்டில் கைப்பேசி எண்ணைக் கொடுத்தவர்கள் தங்கள் நல்லெண்ணத்தைத் தெரிவித்தார்கள், அவ்வளவுதான். அது உண்மையான நல்லெண்ணம்தான். ஆனால் அவர்களிடம் யாரும் குறிப்பாக ஒரு வேலையைச் சொல்லிக் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஆறு வாரம். தானாகவே வந்து, தன் கணினியில் உங்கள் நிரலை இயக்கிப் பார்த்து, பிழையைக் கண்டுபிடித்து, திருத்தியும் அனுப்பிய ஒருவர் பதிலுக்குக் காத்திருந்தார். அப்படி ஒருவர் கிடைப்பது எவ்வளவு அரிது என்று இரண்டு வருடம் திட்டம் நடத்திய உங்களுக்கே தெரியும். இப்போது இன்னொரு நிகழ்ச்சி நடத்தி இன்னும் நாற்பது பேரைச் சேர்த்தாலும், அவர்களில் நல்லவர் ஒருவருக்கு இதே கதிதான்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லா தன் திட்டங்களில் ஆராய்ந்து பார்த்த விஷயம் இது. முதல் திருத்தம் அனுப்பி 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ, அதாவது அதைப் படித்துப் பார்த்த கருத்து, கிடைத்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் திரும்பி வருவது ஏறக்குறைய நின்றே போனது. திருத்தத்தை ஏற்றீர்களா மறுத்தீர்களா என்பதைவிட, பதில் எப்போது போனது என்பதுதான் முக்கியம். உங்களுக்கு இரண்டு நாளில் ரிவ்யூ செய்ய நேரமில்லாமல் இருக்கலாம். "பார்த்தேன், நன்றி. வங்கியில் மாத இறுதி வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று எழுத இரண்டு நிமிடம் போதும். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடவும் வேண்டும்.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நீங்கள் நிரல் எழுதும் நேரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். திட்டத்தைத் தொடங்கியவர்களுக்கு இது மிகவும் கசப்பான விஷயம், ஏனென்றால் நிரல் எழுதும் ஆசையில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். வாரம் எட்டு மணி நேரம் ஒதுக்குகிறீர்கள் என்றால் அதில் பாதி இனிமேல் பதில் எழுத, ரிவ்யூ செய்ய, அடுத்தவருக்கு வேலையைப் பிரித்து வைக்கப் போக வேண்டும். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார்: தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் நேரம் பழையவரிடமிருந்து போகிறது என்பதே முக்கியமான காரணம். சம்பளத்துக்கு வேலை செய்பவர் கற்றுக்கொடுக்க ஆளில்லாவிட்டாலும் மாதக் கடைசி வரை இருப்பார். தொண்டூழியர் சொல்லாமல் போய்விடுவார்.

சரி, இந்த மூன்று மாதத்தில் என்ன செய்வது?

முதலில், உங்கள் கருவியைப் புதிய கணினி ஒன்றில் நிறுவிப் பாருங்கள். நீங்களே செய்ய வேண்டாம். குழுவில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய மடிக்கணினியில் உங்கள் ஆவணத்தைப் படித்து அவரே நிறுவட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். எந்த இடத்திலெல்லாம் அவர் தயங்குகிறாரோ அதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவி, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் மேல் கட்டப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் கணினியில் டெசராக்டையும் அதன் தமிழ்த் தரவுக் கோப்பையும் சரியான இடத்தில் வைப்பதற்குள்ளேயே ஒரு புதியவரின் சனிக்கிழமை முழுவதும் போய்விடும். குழுவில் அமைதியாக இருக்கும் நாற்பது பேரில் சிலர் முயன்று பார்த்து அங்கேயே நின்றிருக்கலாம். நின்றவர் யாரும் வந்து சொல்வதில்லை, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்து, சின்ன வேலைகளை நீங்களே முடித்துவிடாதீர்கள். அனுபவமுள்ளவருக்குப் பத்து நிமிட வேலை என்றால் புதியவருக்கு அது ஒரு நல்ல மாலைப்பொழுது. அதை எழுதி வையுங்கள். பழைய அச்சில் 'கௌ' என்று இருப்பதைக் கருவி 'கெள' என்று, அதாவது கடைசியில் ளகரமாக, எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. 'எ' என்ற எழுத்துக்குப் பதிலாக ஏழைக் குறிக்கும் தமிழ் எண் '௭' வந்து உட்காருவது இன்னொன்று. துணைக்காலும் ரகரமும் மாறிப்போவது மூன்றாவது. "எழுத்துப் பிழைகளைச் சரிசெய்க" என்று ஓர் இஷ்யூ (செய்ய வேண்டிய வேலையின் குறிப்பு) திறந்து வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். "சொல்லின் நடுவில் ௭ வந்தால் அதை எ என்று மாற்ற வேண்டும்; மாற்ற வேண்டிய கோப்பு இது; சோதித்துப் பார்க்க ஐந்து வரிகள் இதோ; முடிந்ததும் இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்" என்று எழுதினால், பைத்தான் நிரல்மொழி கற்கத் தொடங்கி ஆறு மாதமான மாணவர்கூடத் துணிந்து எடுப்பார். இப்படி எழுத உங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மூன்று முறை நீங்களே திருத்தியிருக்கலாம் என்று தோன்றும். தோன்றினாலும் எழுதுங்கள்.

நம் ஊரிலேயே பார்த்துக் கற்க ஒரு திட்டம் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினித்துறையில் 2010-ல் தொடங்கிய, மாணவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் மதிப்பிட உதவும் டீம்மேட்ஸ் மாணவர்களின் உழைப்பில் நடப்பது. மாணவர்கள் படிப்பு முடிந்து போய்க்கொண்டே இருப்பார்கள் என்பது அங்கே முதல் நாளே தெரிந்த விஷயம். அதனால் புதியவர் எங்கே தொடங்க வேண்டும், எந்த வேலை முதல்முறை வருபவருக்கு, திருத்தத்தை எப்படி அனுப்புவது என்பதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யாரும் திறந்து படிக்கலாம். ஒரு மாலை அதைப் படியுங்கள். ஆட்கள் போவார்கள் என்று எதிர்பார்த்தே கட்டப்பட்ட திட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். பாட அட்டவணை போடும் நியூஸ்மோட்ஸும் அப்படித்தான், மாணவர்களிடமிருந்து மாணவர்களுக்குக் கைமாறி வருகிறது.

உங்கள் தமிழாசிரியையைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகம் கேட்கத் தோன்றியது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான பக்கங்களில் ணை, லை, ளை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களைப் பார்த்தவுடன் படிப்பவர் அவர்தான். உங்கள் கருவி தடுமாறும் இடமும் அதுவேதான். அவரை கிட்ஹப் கற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள். ஆசைப்பட்டுக் கேட்டால் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தை அச்சடித்துக் கொடுங்கள், சிவப்பு மையில் திருத்தித் தரட்டும், வேறொருவர் உள்ளிடட்டும். அதோடு, எந்த எழுத்து சரி, எந்தச் சொல் சரி என்பதில் அவர் முடிவே இறுதி என்று திட்டத்தின் முகப்பிலேயே அவர் பெயரோடு எழுதுங்கள். நிரல் எழுதாதவரும் பராமரிப்பாளர் ஆகலாம்.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் கொடுத்தார்கள். இங்கே சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரை வெளிவந்த தமிழ்ப் படைப்புகளை மின்வடிவாக்கிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்திலும் மெய்ப்புப் பார்த்தவர்கள் தொண்டூழியர்களே. அவர்களில் சிலருக்கு உங்கள் கருவி கட்டாயம் பிடிக்கும். மூன்று மாதம் கழித்து முதலில் கேட்க வேண்டியவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

இப்போது அந்தக் குழுச் சம்பவம். இதில் தாமதம் வேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள். நண்பரைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள், குழுவில் எழுதாதீர்கள். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. மூன்று பேர் வேலையைச் சுமக்கும் ஒருவர் களைத்துப்போய் எழுதிய வரி அது. ஆனால் 43 பேரும் அதைப் படித்தார்கள். அதைப் படித்த பிறகு தன் அரைகுறை முயற்சியைக் காட்ட எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும்? அந்தத் தம்பிக்கு நீங்கள் தனியாக எழுதுங்கள். தாமதத்துக்கு வருத்தம் சொல்லுங்கள், அவர் திருத்தத்தில் எது நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள், அவர் பெயரிலேயே அதைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். திரும்பி வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். வருவதும் வராததும் அவர் விருப்பம். பிறகு குழுவில், திருத்தம் தாமதமானது உங்கள் பொறுப்பு என்றும், ரிவ்யூ பற்றிய பேச்சு இனி கிட்ஹப்பில் மட்டுமே நடக்கும் என்றும் இரண்டு வரி எழுதுங்கள்.

நடத்தை விதி ஒன்றும் வேண்டும். புதிதாக எழுதத் தேவையில்லை. 2014 முதல் ஆயிரக்கணக்கான திட்டங்கள் பயன்படுத்தும் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற ஆயத்த விதித்தொகுப்பு இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் 2018 செப்டம்பரில் அதையே தழுவிக்கொண்டது. அதே நாட்களில்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் விலகி இருந்தார். அவ்வளவு பெரிய திட்டத்திலேயே இது பேச வேண்டிய விஷயமாக இருந்தது என்று உங்கள் நண்பரிடம் சொல்லலாம். அப்புறம் ஒன்று: விதியைவிட, புகார் யாரிடம் சொல்வது என்பது முக்கியம். உங்கள் பெயரை மட்டும் போட்டால் உங்கள் நண்பரைப் பற்றி யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். இன்னொருவர் பெயரும் இருக்கட்டும். ஆசிரியை ஒப்புக்கொண்டால் அவரே பொருத்தமானவர்.

வேலை செய்யாதவர்களை நீக்கவேண்டாம். அவர்கள் இருப்பதால் ஒரு செலவும் இல்லை. ஆனால் யாராவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டால் அதற்கு ஒரு வழக்கம் வேண்டும். இரண்டு வாரம் அசைவில்லாவிட்டால் "இன்னும் பார்க்கிறீர்களா? வேலையாக இருந்தால் வேறொருவருக்கு விட்டுவிடலாம், பிறகு எப்போது வேண்டுமானாலும் வேறு ஒன்றை எடுங்கள்" என்று ஒரு குறிப்பு. மேலும் ஒரு வாரம் கழித்து வேலை பொதுவில் வைக்கப்படும். இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி, உங்களுக்கும் சேர்த்து, நடத்துங்கள். சிங்கப்பூரில் ஒருவர் காணாமல் போவதற்குச் சோம்பேறித்தனம் காரணமாக இருப்பது குறைவு. ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக் கடிதம் வந்திருக்கும், பிள்ளைக்குப் பிஎஸ்எல்இ தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு இருக்கும், பல்கலைக்கழகத்தில் தேர்வு வாரமாக இருக்கும். அதனால் சேரும்போதே கேளுங்கள்: எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம்? "ஜூன் விடுமுறை நான்கு வாரம், வாரம் மூன்று மணி நேரம்" என்று ஒருவர் சொன்னால் அது உங்களுக்கு வரம். தேதி முடிந்ததும் நன்றி சொல்லி, அவர் செய்ததைப் பட்டியலில் பெயரோடு போட்டு, மரியாதையாக அனுப்பி வையுங்கள். முடிவு தெரிந்த வேலைக்கு ஆட்கள் திரும்ப வருவார்கள்.

மாணவர்கள் வி.ஐ.ஏ. எனும் பள்ளிச் சமூகத்தொண்டு மணி நேரத்துக்காகக் கேட்டு வருவார்கள். தவறே இல்லை. பள்ளியோடு பேசி, செய்த வேலையை விவரித்துக் கடிதம் கொடுங்கள். எண்ணிக்கைக்கு மட்டும் பரிசு வைக்காதீர்கள். 2020 அக்டோபரில், திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில் நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு (அனுப்பும் திருத்தத்துக்கு) ஒரு டி-சட்டை என்றதும், ஆவணத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்பிய குப்பைத் திருத்தங்களில் பராமரிப்பாளர்கள் மூழ்கிப் போனார்கள். நடத்தியவர்கள் நடுவிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று.

பணம் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வேலைக்கு இவ்வளவு என்று சிறு தொகை கொடுக்கத் தொடங்கினால், இதுவரை பாசத்தில் செய்தவர் அந்தத் தொகையை வைத்துத் தன் நேரத்தைக் கணக்குப் பார்ப்பார், அது நிச்சயம் கட்டுப்படியாகாது. இன்னொன்றும் கவனியுங்கள்: வேலை அனுமதியில் இங்கிருப்பவர்கள் அனுமதியில் உள்ள முதலாளிக்கு மட்டுமே சம்பளத்துக்கு வேலை செய்யலாம். நீங்கள் அன்போடு கொடுக்கும் தொகை அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. இருக்கும் பணத்தை சர்வர் செலவுக்கும், மாதம் ஒரு முறை எல்லோரும் சேர்ந்து உட்காரும் நாளின் சாப்பாட்டுக்கும் வையுங்கள். தேக்கா பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாடு நிறைய இஷ்யூக்களை மூட வைக்கும்.

வாட்ஸ்அப்பில் பேசுங்கள், ஆனால் முடிவுகளை அங்கே விட்டுவைக்காதீர்கள். மூன்று நாள் கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது. புதிதாக வருபவருக்கு அது இருந்ததே தெரியாது. எடுத்த முடிவை அன்றே கிட்ஹப்பில் ஒரு பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். இணையவழிக் கூட்டத்துக்கு இரவு 9 மணி நல்ல நேரம். சென்னையில் அப்போது மாலை ஆறரை, லண்டனில் மதியம், டொராண்டோவில் காலை. வெளிநாட்டுத் தமிழர்கள் வர நினைத்தால் வர முடியும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எத்தனை நாள் இழுப்பது என்று கேட்டீர்கள். தனியாக இழுப்பது உங்களுக்கும் நல்லதல்ல, திட்டத்துக்கும் ஆபத்து. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்ஸெட் விவகாரம் நினைவிருக்கும். ஏராளமான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருளைக் களைத்துப்போன ஒருவர் ஏறக்குறையத் தனியாகப் பராமரித்து வந்தார். உதவ வந்ததாகச் சொன்ன ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். வேறு சில பெயர்களில் வந்தவர்கள் "அவருக்குப் பொறுப்பைக் கொடு" என்று அந்தப் பராமரிப்பாளரை நெருக்கினார்கள். கடைசியில் அதே ஆள் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த பதிப்புகளை வெளியிட்டார். உள்நுழைய அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் கிளறிப் பார்த்ததால் உலகம் தப்பியது.

இதைக் கேட்டுவிட்டு யாரையும் நம்பாமல் இருந்துவிடாதீர்கள். அந்தப் பராமரிப்பாளர் சாய்ந்துகொள்ள இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் அந்த நெருக்கடி அவ்வளவு எளிதில் வேலை செய்திருக்காது. பொறுப்பைப் படிப்படியாகக் கொடுங்கள். முதலில் இஷ்யூக்களுக்குப் பதில் சொல்லி வகைப்படுத்தும் உரிமை, பிறகு ரிவ்யூ, பிறகு மெர்ஜ், அதாவது திருத்தத்தைத் திட்டத்தில் சேர்க்கும் உரிமை. புதிய பதிப்பை வெளியிட மட்டும் எப்போதும் இரண்டு பேர் ஒப்புதல் தேவை என்று வையுங்கள், அது நீங்களாக இருந்தாலும். இணையப் பெயர், சர்வர் கடவுச்சொல் எல்லாம் உங்கள் நண்பரிடமும் இந்த மாதமே இருக்கட்டும். பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ரோசம் 2018 ஜூலையில் களைத்து விலகியபோது, அந்தச் சமூகம் கூடிப் பேசி ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தது. இன்றும் அப்படித்தான் நடக்கிறது. மூன்று பேர் இருக்கும்போதே இதைப் பேசிவிடுவது எளிது.

மூன்று மாதம் கழித்துக் கூப்பிடும்போது "தமிழுக்குத் தொண்டு செய்ய வாருங்கள்" என்று கூப்பிடாதீர்கள். அதைக் கேட்டு மனம் நெகிழ்பவர் நிறைய, என்ன செய்வது என்று தெரிபவர் இல்லை. "விண்டோஸ் வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும், வாரம் இரண்டு மணி நேரம், ஆண்டு இறுதி வரை, ஒவ்வொரு பதிப்பையும் நிறுவிப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். 43 பேரையும் குழுவில் பொதுவாகக் கேட்காமல், பொருத்தமாகத் தோன்றும் ஆறு பேருக்குத் தனித்தனியே எழுதுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் மனிதர்கள் பதில் சொல்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. வங்கியில் வேலை செய்கிறீர்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து பற்றிய பிரிவை எடுத்துப் படியுங்கள். வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம் என்பது இங்குள்ள பதிப்புரிமைச் சட்டத்தின் பொது நிலை. சில ஒப்பந்தங்கள் அதையும் தாண்டி விரிவாகக் கோரும். இந்தத் திட்டம் உங்கள் சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில் செய்வது என்று மேலாளரிடமும் மனிதவளத் துறையிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். உங்கள் நண்பரும் வாங்கட்டும். வேலையில் இருக்கும் ஒவ்வொரு தொண்டூழியரிடமும் சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். திருத்தம் தன்னுடையதே என்று ஒவ்வொருவரும் கையொப்ப வரி சேர்க்கும் முறையை லினக்ஸ் கெர்னல் 2004 முதல் கடைப்பிடிக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு மாலை வேலைதான்.